தகவல் பெறும் நபர்

"மகன்னு சொல்றீங்க. அத்தாட்சி ஏதாவது இருக்கா?" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டாள் கவுன்ட்டர் பெண்.

லிஃப்ட் மெக்கானிக் திகைத்துப்போனார். நாற்பத்தேழு வருட வாழ்க்கையில் பொறுப்பில்லாத மகன் என்று அவரைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். மகனே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

"அத்தாட்சின்னா... இதோ, இந்த மூக்கைப் பாருங்க. அப்படியே அப்பா மூக்கு."

"மூக்கை ஃபைல்ல வைக்க முடியாது சார்."

அன்று காலைதான் அப்பா வீட்டுக்கு எதிரே இருக்கும் சலவைக் கடைக்காரர் போன் செய்திருந்தார். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறிய பெரியவர் விழுந்துவிட்டார், தலையில் அடி, ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார். அப்போது மெக்கானிக் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், கை முழுக்க கிரீஸோடு நின்றிருந்தார். லிஃப்டை அவரே நிறுத்தி வைத்திருந்ததால் பன்னிரண்டு மாடியும் படியில் இறங்கித்தான் ஓடிவர வேண்டியிருந்தது.

"சரிம்மா, அத்தாட்சி அப்புறம். அப்பா எப்படி இருக்கார்? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூல இருக்கார். நாலாம் நம்பர் படுக்கை. இதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு நபர். அந்த நபருக்கு மட்டும்தான் தகவல். காலையில ஏழு மணிக்கு உள்ளே போய்ப் பார்க்கிறதும் அந்த நபர் மட்டும்தான்."

"அந்த நபர் நான்தானே?"

"இல்லை சார். உங்க அப்பா ரெண்டு மாசம் முன்னாடி இங்கே பரிசோதனைக்கு வந்தப்பவே படிவம் நிரப்பிக் கொடுத்துட்டார். அதுல வேற பேர் இருக்கு."

"யார் பேர்?"

"அதைச் சொல்லக் கூடாது."

"ஏன்?"

"அதுவும் தகவல்தானே சார்?"

 இருபத்திரண்டு வருடத் தொழிலில் எத்தனையோ மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களை வெளியே எடுத்திருக்கிறார். இப்போது அவரே சிக்கிக்கொண்டதுபோல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கவுன்ட்டர் பெண்ணுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளைகள்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதுல உங்க அப்பா எழுதியிருக்கிறதை வேணும்னா சொல்றேன். 'பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.'"

அப்பா அப்படித்தான். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். எதையும் தானே அளந்து, தானே குறித்து, தானே கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி. அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. மகன் வீட்டுக்கும் வர மாட்டேன், மகள் வீட்டுக்கும் வர மாட்டேன் என்று தனியாகவே இருந்தார்.

காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்தார் மெக்கானிக். உடனே போன் அடித்தது. பக்கத்து நகரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்கா. வருடக்கணக்காகக் காருக்குள் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தி அவள் சாதாரணமாகப் பேசினாலே எதிரில் இருப்பவர் கால் தானாக அமுங்கும்.

"டேய், அப்பா எப்படி இருக்கார்?"

"தெரியலைக்கா."

"நீ ஆஸ்பத்திரியிலதானே இருக்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படித் தெரியாது?"

"எனக்குத் தெரியறதுக்கு அனுமதி இல்லைக்கா."

 "நான் நாளைக்கு வர்றேன்," என்றாள் அக்கா. அது ஆறுதலா மிரட்டலா என்று அவருக்குப் புரியவில்லை.

போனை வைத்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். குறுக்கெழுத்துப் போட்டியில் பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. தன் பையிலிருந்த காகிதக் கைக்குட்டைகளை நீட்டினார்.

"துடைச்சுக்கோங்க தம்பி. மூஞ்சியெல்லாம் கிரீஸ்."

கேட்பதற்கு ஒரு காது கிடைத்ததும் மெக்கானிக் கொட்டித் தீர்த்துவிட்டார். ஸ்டூல், பல்பு, படிவம், எல்லாம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்.

"நான் முப்பது வருஷம் ஸ்கூல்ல உயிரியல் சொல்லிக்கொடுத்தவ," என்றார். "எனக்கு என்ன தோணுதுன்னா, தலைக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அதை எடுத்திருப்பாங்க. நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்கும். மூணு நாள் மருந்து கொடுத்துத் தூங்க வச்சிருப்பாங்க. நினைவு இல்லையேன்னு நீங்க பயப்படக் கூடாது."

"அப்படியாம்மா? நிஜமாவா?"

"எனக்கு அப்படித் தோணுது."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ரத்தக்கட்டை எடுத்துட்டாங்களாம், மூணு நாள் தூக்கமாம்," என்று சொன்னார். அக்காவுக்கும் போனில் அதையே சொன்னார். டாக்டரே சொன்ன தோரணையில் சொன்னார். அங்கேதான் தப்பு நடந்தது.

மறுநாள் பீரோவைக் குடைந்து தன் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தார். கவுன்ட்டர் பெண் அதை இரண்டு முறை படித்தாள்.

"அப்பா பேர் சரியா இருக்கு. அம்மா பேர் சரியா இருக்கு. பிள்ளை பேர் இருக்கிற இடத்துல 'ஆண் குழந்தை'ன்னு மட்டும் போட்டிருக்கே சார்?"

"பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சுட்டாங்க. அந்த ஆண் குழந்தை நான்தாங்க."

அவள் அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தாள். மறுபடி சான்றிதழைப் பார்த்தாள்.

"பெரியவருக்கு ஒரு ஆண் குழந்தை இருக்குன்னு இது நிரூபிக்குது சார். அது நீங்கதான்னு நிரூபிக்கலை."

"நான் வேணும்னா அழட்டுமாம்மா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் சான்றிதழை நகலெடுத்து ஃபைலில் சேர்த்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள். அதைக் கண்ணாடி வழியே தலைகீழாகப் படித்தார் மெக்கானிக்: 'உறவு உறுதி செய்யப்படவில்லை.' நேற்று வரை அவர் அத்தாட்சி இல்லாத மகன். இன்றைக்கு ஃபைலிலேயே சந்தேகத்துக்குரிய மகன்.

அதே நேரத்தில் அக்காவும் வந்து இறங்கினாள். வரும்போதே வலது காலை ஊன்றி ஊன்றி நடந்தாள். தம்பியை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"உண்மையைச் சொல்லு. அந்த ஆள் நீதானே?"

"எந்த ஆள்?"

"அப்பா பேர் எழுதிக் கொடுத்த ஆள்! தகவல் பெறும் நபர்! யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டாங்களாம். ஆனா உனக்கு மட்டும் ரத்தக்கட்டு தெரியுது, மூணு நாள் தூக்கம் தெரியுது!"

"அக்கா, அது அங்கே உட்கார்ந்திருக்காங்களே, அந்த அம்மா சும்மா தோணுதுன்னு சொன்னாங்க."

"தோணுதா? உனக்கு என்னைப் பார்த்தா எப்படித் தோணுது?"

"நான் நீதான் அந்த ஆள்னு நினைச்சேன்," என்றார் மெக்கானிக். "அப்பாவுக்கு எப்பவும் நீதானே செல்லம்."

"நானா செல்லமா? உனக்கு சைக்கிள் வாங்கித் தந்தார், எனக்கு அட்லஸ் புத்தகம் வாங்கித் தந்தார்!"

சண்டை அட்லஸிலிருந்து கிளம்பி, எண்பதுகளில் உடைந்த ஒரு பூந்தொட்டி வரைக்கும் போய், மெதுவாகத் திரும்பி வந்தது. கடைசியில் இருவருமே அந்த நபர் இல்லை என்று இருவருக்கும் புரிந்தது. புரிந்ததும் சந்தோஷப்படத் தெரியாமல் முழித்தார்கள்.

"அப்போ யாருடா அது?"

"அப்பாவோட செஸ் ஆடுவாரே, அந்தப் பல் டாக்டரா?"

"அவர் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டார். துக்கத்துக்கு நீதானே போன?"

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். குரலை மாற்றிக்கொண்டு, "ஹலோ, ஐசியூ நாலாம் படுக்கை. நான்தான் பதிவு செஞ்ச நபர் பேசுறேன். இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்றாள்.

பத்தடி தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கவுன்ட்டர் பெண் போனை எடுத்துப் பேசுவது இருவருக்கும் தெரிந்தது.

"ரகசியச் சொல் சொல்லுங்க."

அக்கா போனைக் கையால் மூடினாள். "ரகசியச் சொல்லாம்டா!"

"அம்மா பேரைச் சொல்லு."

சொன்னாள். தவறு என்றது போன். அப்பா வளர்த்த நாயின் பெயரைச் சொன்னாள். அதுவும் தவறு.

"அக்கா, போதும், வச்சுடு."

"சும்மா இரு. அப்பாவுக்கு உயிர் எதுன்னு எனக்குத் தெரியும்." கம்பீரமாக, "அளவுச் சங்கிலி!" என்றாள்.

கவுன்ட்டர் பெண் போனை வைத்தாள். கணினியில் எதையோ தட்டினாள். பிறகு நேராகத் தூணைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள்.

மூன்று முறை தவறான சொல். நாலாம் படுக்கையின் ஃபைல் பூட்டப்பட்டது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பதிவு செய்த நபருக்கும் தகவல் கிடையாது, உள்ளே போகவும் முடியாது.

"நல்லதுதான்," என்றாள் அக்கா. "நமக்குத் தெரியலைன்னா அந்த ஆளுக்கும் தெரிய வேண்டாம்."

மெக்கானிக் பெஞ்சுக்குத் திரும்பி வந்து இதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அவரோ தானாகவே பேச்செடுத்தார்.

"நேத்து சாயந்திரம் காய்ச்சல் வந்திருக்கும் தம்பி. இன்னைக்குக் காலையில இறங்கியிருக்கும். வலது கை கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் அசையும். பயிற்சி கொடுத்தா சரியாயிடும். எனக்கு அப்படித் தோணுது."

"உங்களுக்குத் தோணுற அளவுக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தாக்கூட போதும்மா," என்றார் மெக்கானிக். பிறகு சற்றுத் தயங்கி, "போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினார்மா. நேர்ல வா, ஒரு விஷயம் பேசணும்னார். வேலை இருக்குப்பா, அடுத்த வாரம்னு சொல்லிட்டேன். உடம்புக்கு ஏதோ முடியாம இருந்திருக்கு போல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கார்," என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உடம்பைப் பத்தி இருக்காது தம்பி," என்றார் கடைசியில். "சில விஷயத்தை அவரவர் வாயாலதான் சொல்லணும்னு சிலர் இருப்பாங்க. எழுந்து வந்து சொல்லுவார்."

மூன்றாம் நாள் அந்த அம்மாளைப் பார்த்தபோது மெக்கானிக்குக்கே பகீரென்றது. குறுக்கெழுத்துக் கட்டங்கள் அத்தனையும் காலி. முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, இன்னைக்கு என்ன தோணுது?"

"இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தோணலைப்பா."

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவரை என்னவோ செய்தது. இத்தனை நாளாகத் தன் அப்பா, தன் படிவம், தன் அக்கா என்று பேசிக்கொண்டே இருந்துவிட்டோமே என்று உறைத்தது. அந்த அம்மாளுக்கு உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உங்களுக்கு உள்ளே யாரும்மா?"

"வேண்டியவர் ஒருத்தர்," என்றார் அவர். "இன்னைக்கு என்னை உள்ளே விடலை."

"என்ன ஆஸ்பத்திரி இது! உங்களையுமா?" என்று கொதித்த மெக்கானிக், பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "சாப்பிடுங்க. உங்காளுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கும் தோணுதும்மா."

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார். இனிமேல் கேட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். ஆஸ்பத்திரிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லிஃப்ட் மெக்கானிக் உடையில் கருவிப் பெட்டியோடு நடப்பவனை உலகத்தில் எந்தக் கட்டடத்திலும் யாரும் நிறுத்துவதில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். வண்டியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, பின்பக்கப் படி வழியாக நான்காவது மாடிக்கு ஏறினார்.

யாரும் நிறுத்தவில்லை. ஐசியூ கதவில் ஒரு சிறிய கண்ணாடிச் சதுரம் இருந்தது. எட்டிப் பார்த்தார். நாலாம் படுக்கை. தலையில் வெள்ளைக் கட்டு. அதற்குக் கீழே அவருடைய மூக்கேதான். வாயில் குழாய் இல்லை. அப்பா கண்ணைத் திறந்தார், கூரையைப் பார்த்தார், கூரையின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டவர்போல் இமைத்தார், மறுபடி மூடிக்கொண்டார்.

மெக்கானிக்குக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. தொப்பியால் துடைத்துப் பார்த்தார். மங்கியது கண்ணாடி இல்லை.

"அப்பாடா, வந்துட்டீங்களா!" என்றது பின்னால் ஒரு குரல். தலைமை நர்ஸ். "காலையிலேர்ந்து எத்தனை போன் பண்றது? ரெண்டாம் நம்பர் லிஃப்ட் கதவு பாதியில நின்னு நின்னு திறக்குது. ஸ்ட்ரெச்சர் போக முடியலை. வாங்க, வாங்க."

"இல்லை, நான்..."

"இல்லைன்னா? லிஃப்ட் மெக்கானிக்தானே?"

இதற்கு அவரால் பொய் சொல்ல முடியவில்லை. ரெண்டாம் நம்பர் லிஃப்ட்டைத் திறந்து பார்த்தார். கதவுப் பட்டை தளர்ந்திருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போக அவர் மனசு கேட்கவில்லை. பக்கத்து லிஃப்டோடு சேர்ந்து ஒரே மின்பெட்டி. எந்த விசை எதற்கென்று எவனோ மாற்றி எழுதி வைத்திருந்தான். இரண்டாம் லிஃப்டை நிறுத்துவதாக நினைத்து ஒன்றாம் லிஃப்டை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

ஒன்றாம் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றது. அதற்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர். இன்னொருவர், பூங்கொத்து ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஐசியூவுக்குப் போகத் திட்டமிட்டிருந்த அக்கா.

நாற்பது நிமிடம். அக்கா முதலில் கேட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு "பிரேக்!" போடும் குரலில் அதட்டினாள். டாக்டர் அசையவில்லை. "பதிவு செஞ்ச நபருக்குத்தான்மா சொல்ல முடியும். அதுவும் இன்னைக்கு ஃபைல் பூட்டியிருக்கு. யாரோ தப்புத் தப்பா ரகசியச் சொல் சொல்லிட்டாங்களாம்," என்றார். அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. மீதி நேரம் முழுக்க, குறுகலான இடத்தில் காரை எப்படிப் பின்பக்கமாக நிறுத்துவது என்று டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு அது பல வருடக் குறையாம்.

உண்மையான மெக்கானிக்குகள் இரண்டு பேர் வேறொரு கம்பெனிச் சட்டையில் வந்து சேர்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. காவலாளி ஒருவர் மெக்கானிக்கைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். காத்திருப்புக் கூடத்தைக் கடக்கும்போது அந்த அம்மாள் பதறி எழுந்தார்.

"அம்மா, பார்த்துட்டேன்!" என்று மெக்கானிக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "அப்பாவைப் பார்த்துட்டேன்! குழாயை எடுத்துட்டாங்க! கண்ணைத் திறந்தார்மா, நல்லாத் திறந்தார்!"

அந்த அம்மாள் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. யாரோ ஊர் பேர் தெரியாதவனுடைய அப்பாவுக்காக இப்படி அழும் மனுஷி என்று மெக்கானிக்கின் நெஞ்சு உருகிவிட்டது. காவலாளியிடம், "தங்கமான மனசுங்க அவங்களுக்கு," என்றார். "நடங்க சார்," என்றார் காவலாளி.

நிர்வாக அதிகாரியின் அறையில் அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்ததற்குப் பிறகு இப்போதுதான். அக்கா தம்பியின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அதிகாரி ஃபைலைப் படித்தார். "உறவு உறுதி செய்யப்படவில்லை. ஆள்மாறாட்டத் தொலைபேசி அழைப்பு. அனுமதியில்லாம நுழைவு. டாக்டரை லிஃப்ட்டில் அடைத்து வைத்தல்."

"அது தெரியாம நடந்தது சார்," என்றார் மெக்கானிக். "விசை மாறிக் கிடந்தது. இப்போ சரியா எழுதி ஒட்டிட்டேன். கதவும் இனிமே நிக்காது."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைலை மூடினார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பா சுயநினைவோட இருந்தப்ப, இவங்ககிட்ட சொன்னாப் போதும்னு ஒருத்தர் பேரைக் கைப்பட எழுதியிருக்கார். இன்னைக்கு அவரால பேச முடியலைங்கிறதுக்காக நான் அதை அடிச்சுட்டு வேற எழுதலாமா? அவருக்காக அவர் எழுதினது ஒண்ணுதானே இங்கே பேசுது?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்படி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ஒரே வழி," என்றார் அதிகாரி. "அந்த நபர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா உங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்கலாம். நாளைக்குக் காலையில கேட்டுப் பார்க்கிறேன், அதுக்குள்ளே பூட்டும் திறந்துடும். மூணு நாளா நீங்க பண்ணின கலாட்டாவுக்கு அவங்க போட்டாத்தான் உண்டு."

நான்காம் நாள் காலையில் மெக்கானிக் பெஞ்சுக்கு வந்தபோது அந்த அம்மாள் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இனிமே எல்லாம் ஒரு கையெழுத்துல இருக்கும்மா. அந்த ஆள் யாருன்னே தெரியலை. முதல் நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போ தோணுது, அப்பா நம்பி எழுதியிருக்கார்னா நல்லவங்களாத்தான் இருக்கணும். கால்ல விழுந்துகூடக் கேட்பேன். ஆனா போடுவாங்களா?"

"கால்லயெல்லாம் விழ வேண்டாம். போடுவாங்க தம்பி."

"தோணுதா?"

"தோணுது," என்று சொல்லிவிட்டு, "ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்," என்று எழுந்து போனார்.

அரை மணி நேரத்தில் கவுன்ட்டர் பெண் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். முதல்முறையாகச் சிரித்தாள். "சம்மதம் வந்துடுச்சு சார். அக்காவையும் கூட்டிட்டு உள்ளே போங்க."

நீல அங்கியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் அக்காவைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு சமாளித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தலையில ரத்தம் கட்டியிருந்தது. எடுத்துட்டோம். மூணு நாள்..."

"தூங்க வச்சிருந்தீங்க," என்றார் மெக்கானிக்.

"ஆமா. முதல் நாள் சாயந்திரம்..."

"காய்ச்சல். மறுநாள் காலையில இறங்கிடுச்சு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வலது கை மட்டும்..."

"மெதுவா அசையும். பயிற்சி கொடுத்தா சரியாயிடும்."

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் இந்த ஆர்ப்பாட்டமா?" என்றார் டாக்டர் எரிச்சலோடு. அக்கா தம்பியை முறைத்தாள். தம்பி தோளைக் குலுக்கினார்.

அதற்குள் அப்பா கண் விழித்தார். மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். வறண்ட உதடுகள் மெதுவாக அசைந்தன.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களே," என்றார் கரகரத்த குரலில். "நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். மெக்கானிக் அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அது மெதுவாக, மிக மெதுவாக, அவர் விரலைப் பிடித்தது.  சற்றுப் பொறுத்து அப்பாவின் பார்வை அவர்களைத் தாண்டிக் கதவுப் பக்கம் போய் நின்றது. யாரையோ தேடியது.

"தண்ணி வேணுமாப்பா?"

அப்பா இல்லை என்று தலையசைத்தார். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும்," என்றார்.

"இப்போ பேசக் கூடாது," என்றார் டாக்டர். "நாளைக்குச் சொல்லுங்க."

மெக்கானிக்கால் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. இதை முதலில் சொல்ல வேண்டியது அந்த அம்மாளிடம்தான் என்று வெளியே வந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது. நான்கு நாளாக மருந்துத் தள்ளுவண்டியோடு ஐசியூவுக்குள்ளும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்த ஊழியர் எதிரில் வந்தார். அவரை நிறுத்தினார்.

"இங்கே குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அந்த அம்மாவைப் பார்த்தீங்களா? அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும். அவங்க சொன்னது ஒண்ணு விடாமப் பலிச்சிருக்குங்க. ஜோசியம் கீசியம் தெரியுமோ என்னவோ!"

ஊழியர் தள்ளுவண்டியை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜோசியமும் இல்லை ஒண்ணும் இல்லை சார், டாக்டர் தினமும் காலையில சொல்றதைக் கேட்டுக்கிட்டு வந்துதான், உங்க அப்பாவோட சம்சாரம் உங்க பக்கத்துல உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லிட்டு இருந்தாங்க."